வண்டி வாங்கப் போன சணல் கயிறு

என் வண்டியில், மற்றவர்கள் சாமி படமோ மணிமாலையோ மாட்டுகிற இடத்தில், ஒரு சணல் கயிறு தொங்குகிறது. பல கை பட்டுக் கருத்துப்போன கயிறு. அதில் ஐந்து முடிச்சுகள். நான்கு என் அண்ணி போட்டவை, ஐந்தாவது நான் போட்டது. காலையில் என் வண்டியில் பள்ளிக்கு வருகிற அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு நாளாவது "அங்கிள், இது என்ன?" என்று கேட்டுவிடுவார்கள். சொல்ல ஆரம்பிப்பதற்குள் பள்ளிக்கூட வாசல் வந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி, என் பிள்ளைகளுக்குப் பெரியம்மா. அப்போது நாங்கள் எல்லோரும் பெங்களூரு மர்பி டவுனில் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணிதான் அடுப்படிக்கு எஜமானி. அடுகோடியில் இருந்த ஒரு பெண்கள் விடுதிக்குத் தினமும் காலை டிபன் எங்கள் வீட்டிலிருந்து போகும். இட்லி, சாம்பார், சட்னி. அதை நான் வாடகை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவேன். இடமில்லாததால் அண்ணி பின்னாலேயே பஸ் பிடித்து வருவார். பெங்களூரு ரோட்டில் ஹம்ப்ஸுக்கா, அதுதான் வேகத்தடைக்கா, பஞ்சம்? ஒவ்வொரு ஹம்ப்ஸிலும் ஒரு கரண்டி சாம்பார் வெளியே குதிக்கும். அண்டாவைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு நாள் பாதி அண்டாதான் போய்ச் சேர்ந்தது. விடுதி வார்டனம்மா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவ இப்படி குறைஞ்சு வந்தா நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று மட்டும் சொன்னார். அந்த விடுதியை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அன்று இரவே ஒரு வேன் வாங்கிவிடுவது என்று முடிவானது. பாத்திரம், பரிமாற என் மனைவியும் அண்ணியும், போகிற வழியில் பள்ளியில் இறங்க என் இரண்டு பிள்ளைகள் என்று எல்லாம் ஒரே நடையில் போக வேண்டும்.

பழைய வண்டி விற்கிற இடத்துக்கு அண்ணி கைப்பையோடு வந்தார். பைக்குள் இந்தக் கயிறு. ஒரு முனையிலிருந்து அளந்தால் முதல் முடிச்சு சட்னி வாளி, அடுத்தது சாம்பார் அண்டா, அதற்கடுத்தது இட்லிக் கொப்பரை, கடைசியாக இருப்பது என் பிள்ளைகள் இருவரும் பையோடு நெருக்கி உட்கார்ந்தால் பிடிக்கிற இடம். எனக்கோ ஒரு வெள்ளி நிற வண்டி மேல் கண் போய்விட்டது. ஏசி, பாட்டுப் பெட்டி, புதுசு போல மின்னும் சக்கரம். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் நானே ஒரு கம்பெனி முதலாளி ஆகிவிட்ட மாதிரி இருந்தது. விற்பனைக்காரப் பையன், "மேடம், சீட்டப் பாருங்க, சோஃபா மாதிரி இருக்கும்" என்றான்.

"சோஃபா வாங்க வரலப்பா. இதுல இட்லிக் கொப்பரை ஏறுமா, அதச் சொல்லு."

அவன் இதற்கு முன் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டான். மைலேஜ் சொன்னான், எஞ்சின் சொன்னான். அண்ணி பின் கதவைத் திறந்து கயிற்றை நீட்டிப் பிடித்தார். கதவின் சரிவில் மூன்றாவது முடிச்சு இடித்தது. வெள்ளி வண்டி அதோடு முடிந்தது. பக்கத்தில் உயரமாக ஒரு வெள்ளை வண்டி. அதற்குப் பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற கதவு. எங்கள் சந்தில் சாதாரணக் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரில் இடிக்கும் என்பதால் அது எனக்கும் பிடித்தது. அண்ணி உள்ளே அளந்தார், நீளம் சரியாக இரண்டு கயிறு. மூலையில் ஒரு நீல வண்டியும் நின்றது. சாயம் போய், ஏசி இல்லாமல், பார்க்கவே பாவமாக இருந்தது. "அது உங்களுக்கு செட் ஆகாது சார்" என்றான் பையன். நானும் தலையாட்டினேன். அண்ணி அதையும் அளந்தார். "நீளம் ரெண்டு கயிறு, ஒரு சாண்" என்று முணுமுணுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் தெருவில் ஒரே சிரிப்புச் சத்தம். வந்து பார்த்தால் அண்ணி கோலமாவை வைத்து நடுத்தெருவில் வெள்ளை வண்டியை வரைந்திருந்தார், உள்ளளவு உள்ளபடியே. பக்கத்து வீட்டு அக்கா, "பொங்கலுக்கு முன்னாடியே தேர்க் கோலமா?" என்று கிண்டலடித்தார். எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா "ஏனக்கா இது?" என்று, என்ன இது என்பதைக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே தன் வீட்டு முக்காலியைக் கொடுத்தார். முன்னால் நான், பக்கத்தில் என் மனைவி. நடுவில் என் பிள்ளைகள், அவர்கள் பக்கத்தில் அண்ணி. பின்னால் பாத்திரங்கள். எல்லாம் அடங்கிவிட்டது. என் மகன் வாயாலேயே ஹாரன் அடித்தான். தெருவே கை தட்டியது.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "அண்ணி, சக்கரம் எங்க?" என்றேன்.

"சக்கரம் வெளியதான தம்பி இருக்கும்?"

"பின் சக்கரம் உள்ள பொடச்சுக்கிட்டு நிக்கும் அண்ணி. ரெண்டு பக்கமும் இடத்த அடைக்கும்."

அண்ணி உள்பக்கம் இரண்டு பிறை வரைந்தார். அண்டா நின்ற இடம் போய்விட்டது. அதைத் தூக்கி நடு வரிசையில், பிள்ளைகள் பக்கத்தில் வைத்தார். இப்போது எல்லோருக்கும், எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. அண்ணி மட்டும் கோலத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"பரவால்ல, நான் எப்பவும் போல பஸ்ல வந்துடறேன்" என்றார், மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு. வருத்தமே இல்லாமல் சொன்னார். பாத்திரத்துக்கெல்லாம் முடிச்சுப் போட்டவர் தனக்கு ஒன்று போட மறந்திருந்தார். ஆட்டோவில் போன நாளெல்லாம் அவருக்கு எங்கே இடம் என்று நானும் கேட்டதில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. முந்தைய நாள் வெள்ளை வண்டியில் ஏறும்போது அவர் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. பார்த்தும் பார்க்காதவனாக இருந்திருக்கிறேன்.

மாவு கேட்டு வாங்கி, இரண்டு கயிறு ஒரு சாண் நீளத்துக்கு நானே நீல வண்டியை வரைந்தேன். கோணல் மாணலாகத்தான் வந்தது. "தம்பி வண்டி ஆக்சிடென்ட் ஆன வண்டி போல இருக்கே" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ஆனால் அந்த ஒரு சாணில், இரண்டு பிறைகளுக்கு நடுவே அண்டா போய் உட்கார்ந்தது. முக்காலியைப் பிள்ளைகள் பக்கத்தில் போட்டு, "உட்காருங்க அண்ணி" என்றேன். உட்கார்ந்தார். கையைப் பின்னால் நீட்டினால் அண்டாவின் மூடி எட்டியது.

மறுநாள் காலை நான் மட்டும் கயிற்றோடு போனேன். வீட்டு வாசற்படியில் அண்ணி கையூன்றாமல் ஏறுகிற உயரத்துக்கு அதில் சின்னதாக ஒரு முடிச்சுப் போட்டிருந்தேன். வெள்ளை வண்டியின் படி முடிச்சைத் தாண்டி நின்றது. நீல வண்டியின் படி முடிச்சுக்குக் கீழேயே அடங்கியது. வெள்ளி வண்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு நீல வண்டியின் சாவியைக் கேட்டேன்.

முதல் நாள் போனோமே, அதை எப்படிச் சொல்வது! "ஹம்ப்ஸ் வருது தம்பி, மெல்ல! மெல்லன்னு சொன்னா காதுல விழாதா?" என்று அடுகோடி வரைக்கும் அண்ணிதான் வண்டி ஓட்டினார், நான் சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணியின் ஒரு கை பின்னால் அண்டா மூடி மேல், ஒரு கை என் மகள் தோளில். வார்டனம்மா மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இன்னிக்குக் கழுத்து வரைக்கும் இருக்கே" என்றார். அண்ணி என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார். விடுதிக்கு இன்றைக்கும் எங்கள் இட்லிதான் போகிறது, என் மனைவி கைப்பக்குவத்தில்.

அண்ணி இப்போது ஓசூரில் தன் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் நாங்கள்தான் போய் அழைத்து வருகிறோம். நீல வண்டிக்கும் வயதாகிவிட்டது, எஞ்சின் இருமுகிறது. வேறு வண்டி பார்க்கிறோம். என் மகன் போனில் நாலு வண்டியை வரிசையாக வைத்து, எதில் கேமரா, எதில் எத்தனை சார்ஜர் என்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். போன சனிக்கிழமை ஒரு ஷோரூமுக்குப் போனோம். கூரையில் கண்ணாடி திறக்கிற வண்டி ஒன்று நின்றது. அவன் தலையை வெளியே நீட்டி ராஜா மாதிரி கையசைத்தான். அந்த வயதில் நான் இருந்தால் நானும் அசைத்திருப்பேன்.

மகளைக் காணோம். பக்கக் கதவருகே தரையில் குந்தியிருந்தாள். நீல வண்டியிலிருந்து எப்போது அவிழ்த்தாளோ, அந்தக் கயிறு அவள் கையில் இருந்தது. சின்ன முடிச்சைப் படிக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல பெரியம்மா ஏற முடியாது" என்றாள்.

அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அண்ணியின் குரல் ஷோரூம் முழுக்கக் கேட்டது. "எனக்காக யாரும் வண்டி பாக்காதீங்கம்மா. உங்களுக்குப் புடிச்சத வாங்குங்க. நான் எப்பவும் போல பஸ்ல வந்துடறேன்."

"அது முடியாது பெரியம்மா" என்றாள் மகள். "கயிறு இப்ப எங்கிட்ட இருக்கு."

பிறகு எழுந்து, முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு, அடுத்த வண்டியின் படிக்குப் போய்க் குந்தினாள். கூரையிலிருந்து இறங்கிவந்த என் மகன், அவள் சொல்லாமலே கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.