ஏலாது என்று சொன்ன நாள்

யாரும் என்னை இடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றுவரை பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது "ஆர் அடிச்ச?" என்றுதான். மைதானத்தின் நடுவில் பந்தை வாங்கி, இடப்பக்கம் திரும்புவதற்காக வலது காலை ஊன்றினேன். கால் நின்ற இடத்திலேயே நின்றது. உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் நெட்டி முறிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது.

விழுந்து கிடந்தபோது வலியைவிட வெட்கம்தான் கூடுதலாக இருந்தது. யாராவது தள்ளி விழுத்தியிருந்தால் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

நான் அப்போது திருகோணமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கடைசி வருடம். கிண்ணியாவில் இருந்து பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் உதைபந்தாட்ட அணியில் நடுக்களத்தில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. நான் கோல் அடித்தது குறைவு. எவன் எங்கே ஓடப்போகிறான் என்பது அவனுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான் என் சாமர்த்தியம். அதைப் பார்த்துத்தான் கொழும்பில் ஒரு தொழில்முறைக் கழகத்தின் முகாமையாளர் என் போன் இலக்கத்தை வாங்கிப் போயிருந்தார். கழகங்கள் எல்லாம் கூடிப் புதிய வீரர்களை ஆடவிட்டுப் பார்த்துப் பெயர் சொல்லி எடுக்கும் தெரிவு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். வளாகத்தில் இருக்கும்வரைதான் அந்த ஆட்கள் எங்களைத் தேடி வருவார்கள். படிப்பு முடிந்து ஊரோடு போய்விட்டால் நான் யாரோ.

முதலில் எல்லாரும் அதை உளுக்கு என்றார்கள். நானும் அப்படியே நம்ப விரும்பினேன். எண்ணெய் போட்டு உருவினார்கள். உங்களுக்கு இப்படி நடந்தால் தயவுசெய்து உருவ விடாதீர்கள். ஐஸ் வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், டொக்டரிடம் போங்கள். வீக்கம் வடிந்ததும் நான் சாதாரணமாக நடந்தேன். இந்தக் காயத்தின் பெரிய ஏமாற்றே அதுதான். நேராகப் போகும்வரை ஒரு குறையும் தெரியாது.

ஆஸ்பத்திரியில், கிளினிக்குக்கு வெளியே இருந்த நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். எலும்பு டொக்டர் ஒரு பெண். என்னைப் படுக்கவைத்து, முழங்காலை மடித்து, கீழ்க்காலை இரண்டு கையாலும் பிடித்து முன்னுக்கு இழுத்தார். மேசை லாச்சி (இழுப்பறை) திறப்பதுபோல அது முன்னுக்கு வந்தது. இடது காலையும் இழுத்துக் காட்டினார். அது அசையவே இல்லை. எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடம்புக்குள் படம் எடுக்கும் பரிசோதனை) எடுத்த பிறகு மறுபடியும் கூப்பிட்டார்.

"முன் சிலுவை நார் முழுசா அறுந்திருக்கு தம்பி" என்றார். (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காகக் கட்டிவைத்திருக்கும் நார் அது.)

"ஒட்டுமா டொக்டர்?"

"தானா ஒட்டாது. தொடைக்குப் பின்னால இருந்து நார் எடுத்துப் புதுசாக் கட்டவேணும். அதுக்குப் பிறகு ஒரு வருசம் பொறுமை வேணும்."

"செய்யாம விட்டா?"

"நடக்கலாம், சைக்கிள் ஓடலாம், கலியாணம் கட்டலாம். பந்தடிச்சா மூட்டு விலகும். விலகுற ஒவ்வொரு முறையும் உள்ளுக்கு இருக்கிற சவ்வு கிழியும். அதுதான் எலும்போட எலும்பு உரசாமல் தடுக்கிற மெத்தை. அதைத் திருப்பித் தர என்னட்ட இல்லை. யோசிச்சுச் சொல்லுங்கோ."

ஒப்பரேஷனுக்குக் கிடைத்த திகதி கழகத் தெரிவு நடக்கும் அதே கிழமையில் (வாரத்தில்) வந்தது. தள்ளிப் போட்டால் மறுபடியும் வரிசையின் கடைசியில் நிற்கவேண்டும்.

வளாகத்தில் என்னோடு முன்களத்தில் விளையாடிய ரிஸ்வானுக்கு மட்டும் முழுக்கதையும் தெரியும். என்னைப்போல அவனும் தெரிவுக்குப் பெயர் கொடுத்திருந்தான். "ஓடுற வேலை எங்கட, மச்சான். நீ நிண்ட இடத்தில நிண்டு பந்தக் குடு. அவங்க எடுத்த பிறகு காலக் காட்டு" என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அவனுடைய கால் அவனுடையதாக இருந்தது.

வாப்பா மௌத்தான (காலமான) பிறகு வீட்டில் நானும் உம்மாவும்தான். முழங்கால் கதையை யாரிடமும் எடுக்கக்கூடாது என்று உம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பயிற்சிக்குப் போகும் பஸ் நேரத்தில் வீட்டுக்குள் சும்மா இருப்பது பெரிய கொடுமை. அணியின் வாட்ஸ்அப் குழுவில் பகிடிகள் வந்துகொண்டே இருக்கும். நான் எதுவும் எழுதாவிட்டாலும் ஒருவரும் தேடவில்லை. இரண்டு கிழமைக்கு முன்வரை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த பயல்கள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில் எனக்குக் காய்ச்சலும் வந்து சேர்ந்தது. முழங்காலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஊரெல்லாம் இருந்த காய்ச்சல்தான். நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது முகாமையாளர் கொழும்பிலிருந்து என் இலக்கத்துக்குப் போன் எடுத்திருக்கிறார். உம்மாதான் பேசியிருக்கிறார். நான் உள்ளே வந்தபோது போனைக் கையில் வைத்தபடி நின்றார்.

"கொழும்புச் சேர் போன் எடுத்த, மகன். சரி, அப்ப பெயரை வெட்டுறனெண்டு சொல்றாரு. என்னத்தை வெட்டுற?"

"நீங்க என்ன சொன்னீங்க உம்மா?"

"மகன் எங்கயெண்டு கேட்டாரு. மகனுக்கு ஏலாதெண்டன். காய்ச்சல்தானே உங்களுக்கு! முழங்கால் கதைக்கு நான் வாயே திறக்கல்ல, அல்லாஹ்வறிய."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 'ஏலாது' என்றால் முடியாது. சுகமில்லை என்றாலும் 'ஏலாது'தான். முகாமையாளர் சிங்களவர். திருகோணமலையில் வேலை செய்தபோது பழகிய தமிழ் அவருடையது. சந்தையிலும் பஸ்ஸிலும் ஏலும், ஏலாது என்று கேட்டுப் பழகியவருக்கு உம்மா சொன்னதில் முடியாது என்ற ஒரு பொருள்தான் பட்டிருக்கிறது.

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்குக் கால் ஏற்கெனவே ஓடாது. போனை வாங்குவதற்காக உம்மா நின்ற பக்கம் வெடுக்கென்று திரும்பினேன். மூட்டு விலகியது. மேல்கால் ஒரு பக்கம், கீழ்க்கால் ஒரு பக்கம். அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். உம்மா "யா அல்லாஹ்!" என்று ஓடிவந்து இடுப்பைப் பிடித்தார். கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் அவருக்குப் போன் எடுத்தேன்.

"சேர், உம்மா சொன்னது காய்ச்சலை. நீங்க பிழையா விளங்கிட்டீங்க."

"ஆ, காய்ச்சல்தானா! நல்லம், நல்லம்" என்று சிரித்தார். "அப்ப மல்லி, ஏலும்தானே?" (மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.)

உம்மா பக்கத்தில் நின்று, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்து, "ஏலுமெண்டு சொல்லுங்க" என்றார். தன்னால்தான் என் வாழ்க்கை கெட்டுவிட்டது என்ற பயம் அவர் முகத்தில் அப்பட்டமாக இருந்தது. ஏலும் என்ற ஒரு சொல் போதும். பெயர் திரும்பவும் உள்ளே போய்விடும். நானோ உம்மா பக்கம்கூடத் திரும்ப முடியாதவன்.

"ஏலாது சேர்" என்றேன்.

"காய்ச்சலா?"

"இல்ல சேர். முழங்கால். நார் அறுந்திட்டு. எனக்கு ஏலாது."

"ஒப்பரேஷன் செய்யுங்க மல்லி. அடுத்த முறை பாப்பம்" என்றார். அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு ஆள் தேவை.

அன்று உம்மாவும் நானும் சாப்பிடவில்லை. அவர் தன்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். "நீங்க சொன்னது சரிதான் உம்மா, ரெண்டு விதத்திலயும் சரி" என்றேன். அவர் நம்பவில்லை.

ஒப்பரேஷன் முடிந்து கண்விழித்தபோது வலது கால் யாரோ என் கட்டிலில் மறந்துவிட்டுப்போன சாமான் மாதிரிக் கிடந்தது. தொடையை இறுக்கச் சொன்னார் இயன்மருத்துவர் (உடற்பயிற்சியால் உறுப்புகளைப் பழக்குபவர்). பல்லைக் கடித்து இறுக்கினேன், தொடை கேட்கவில்லை. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் நான் உங்களுக்குச் சொல்கிறேன். அது வரும். ஆனால் வரும்வரை நீங்கள் தனியாகத்தான் இருப்பீர்கள். வீடு நிறைய ஆட்கள் இருந்தாலும் அந்தத் தசையோடு பேச உங்களை விட்டால் ஆள் இல்லை.

முன்பெல்லாம் பந்து காலுக்கு வரும் முன்பே அது போகவேண்டிய இடம் என் கண்ணில் நிற்கும். நான் எப்போதும் அடுத்து வரப்போகும் நேரத்தில் வாழ்ந்தவன். இப்போது ஒரு படி இறங்கினால் அந்தப் படி மட்டும்தான். அடுத்த படி அடுத்த படிக்கு வந்த பிறகு. இப்படி மெதுவாக வாழ எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமலே பழகிவிட்டது.

தெரிவில் ரிஸ்வானை எடுத்தார்கள். அவனுடைய முதல் ஆட்டத்தைப் பின்னேரம் கட்டிலில் கிடந்தபடி போனில் பார்த்தேன். இரண்டாம் பாதியில் அவன் பின்காவலனுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு அடி பின்வாங்கி, திடீரென்று வலப்பக்கம் வெட்டி ஓடினான். நடுக்களத்தில் நின்றவன் அதைக் காணவில்லை. பந்தை இடப்பக்கம் கொடுத்துவிட்டான். வெறும் இடத்தில் ரிஸ்வான் கையைத் தூக்கியபடி நின்றான்.

கட்டிலில் என் வலது கால் அந்தப் பந்தை ரிஸ்வான் ஓடிய பக்கம் தட்டிவிட்டிருந்தது. நான் சொல்லாமலே, போர்வைக்குள், சரியான கோணத்தில். வலிக்கவே இல்லை. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குசினியில் சமைத்துக்கொண்டிருந்த உம்மாவுக்குக் கேட்காமல் அழுதேன்.