அட்ஜஸ்ட் மகேஸ்வரன்

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்களிடம் மகேஸ்வரன் வீடு எது என்று கேட்டால், "யாரு, அட்ஜஸ்ட் மகேஸ்வரனா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். பவானிபூரில் ஒரு டீ கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷ் நிறையத் தெரியும். ஆனால் மனிதரின் பிழைப்பு நடந்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான்.

மினி பஸ்ஸில் பக்கத்து வங்காளியிடம், "எக்டு அட்ஜஸ்ட் கொருன், தாதா" என்பார். தள்ளி உட்கார் என்று அர்த்தம். ஆபீசில் லீவு கேட்டு வந்தவனிடம் சொன்னால், கிடையாது என்று அர்த்தம். மகனுக்குப் பார்த்த பெண் நன்றாக அட்ஜஸ்ட் பண்ணுவாள் என்றால், வாயைத் திறக்கமாட்டாள் என்று அர்த்தம். மனைவி காமுவிடம் சொன்னாலோ, எல்லாம் முடிவாகிவிட்டது, இனிப் பேசிப் பயனில்லை என்று அர்த்தம்.

இப்பேர்ப்பட்டவரை அங்கிருந்த பஜனைச் சபைக்காரர்கள் விடுவார்களா? காரியதரிசி ஆக்கிவிட்டார்கள். இந்த வருஷம் ராமநவமிச் சாப்பாடு அவர் பொறுப்பு.

கடைகளுக்கு முறுக்கும் தட்டையும் போட்டுக் கொடுக்கும் சங்கரி, விடியற்காலையிலேயே வந்து மூட்டை மூட்டையாகக் காய் நறுக்கினாள். புருஷன் போன பிறகு அவள் ஒண்டி. அவள் மறுக்க மறுக்க, காமுதான் கையைப் பிடித்து இழுத்து முதல் பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். பருப்பும் நெய்யும் விழுந்து, சங்கரி சாதத்தைப் பிசையவும் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் சபைக்கு வேண்டிய ஒரு கம்பெனி டைரக்டர் குடும்பத்தோடு வந்தார். ஒதுக்கி வைத்திருந்த இலைகளில் எல்லோரும் உட்கார்ந்த பின் அவருடைய மைத்துனிக்கு மட்டும் இடமில்லை. மகேஸ்வரன் பந்தியை ஒருமுறை பார்த்தார். நேரே வந்து குனிந்தார்.

"சங்கரி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. அடுத்த பந்தியில முதல் இலை உனக்குத்தான்."

பிசைந்த சாதத்தை இலையிலேயே விட்டுவிட்டு அவள் எழுந்தாள். "இருக்கட்டும் அண்ணா."

அந்த இடத்தைத் துடைத்து வேறு இலை போட்டார்கள். மைத்துனி வந்து உட்கார்ந்தாள். "எனக்கு இன்னிக்கு உபவாசம். சும்மா கம்பெனிக்கு உட்கார்ந்தேன்" என்றாள். பரிமாறியதெல்லாம் அப்படியே குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. காமு பாயசத்துக்குக் காத்திராமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த பந்தியின் முதல் இலையில் சங்கரி இல்லை.

வீட்டில் காமு கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"சாப்பிட உக்காந்தவளை எழுப்பிட்டேளே!"

"வேற என்னடி பண்றது? வந்தவாளை நிக்க வைக்கவா முடியும்?"

"நானும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்? என்னை எழுப்பியிருக்கலாமே?"

மகேஸ்வரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பந்தியைப் பார்த்த அந்த ஒரு நொடியில், எழுப்பினால் ஏன் என்று கேட்க யாருக்கு ஆளில்லை என்றுதான் அவர் கண் தேடியிருக்கிறது. தேடியது அவருக்கே அப்போது தெரியவில்லை. இப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷமாக அந்த வார்த்தையை யார் யாரிடமெல்லாம் சொன்னோம் என்று யோசித்தார். அந்த டைரக்டரிடமோ ஆபீஸ் மேனேஜரிடமோ ஒரு நாளும் சொன்னதில்லை.

சாயங்காலம் டிபன் கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டே தீருவது என்று சங்கரி வீட்டுக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. தரையில் உட்கார்ந்து தட்டில் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் அவரைக் கண்டதும், எச்சில் கையோடு சட்டென்று எழுந்து நின்றாள்.

"வாங்க அண்ணா."

"ஐயோ, நீ உக்காரும்மா. உக்காந்து சாப்பிடு."

"இருக்கட்டும் அண்ணா. நீங்க நிக்கறப்போ எப்படி?"

கேரியரைத் தரையில் வைத்தார். "உக்காரு, நீ உக்காரு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை.