சிவப்பாகாத மண்

செனாய் டவுனில் ஒரு மண் பரிசோதனை லேபில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் மெஷினைப் பற்றிக் கேட்கிறார்கள். மெஷின் நல்லதுதான். அதற்கு முன்னால் நிற்கிற ஆட்களைப் பற்றித்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

1. யூரியா போடுங்க

பாக்கியம் அக்கா லாயாங் லாயாங் என்கிற ஊரில் குத்தகை நிலத்தில் கங்கோங் கீரை போட்டு விற்பவர். ஒருநாள் மஞ்சளாகிப்போன கீரைக் கட்டோடு லேபுக்கு வந்தார்.

“மிஸ், வேலிப் பக்கம் நாலு பாத்தியில வெதைச்சா மொளைக்கவே மாட்டேங்குது. மொளைச்சாலும் இப்படித்தான். தண்ணி ஊத்துனா உள்ள எறங்காம மேலேயே நிக்குது.”

இலையைப் புரட்டிப் பார்த்தேன். மண் எங்கே என்று கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றும் கேட்கவில்லை. “நைட்ரஜன் கொறைச்சல். யூரியா போடுங்க,” என்று அனுப்பிவிட்டேன். பெரிய மேதாவி! தண்ணீர் இறங்கவில்லை என்று அவர் சொன்னதிலேயே பாதிப் பதில் இருந்தது. எண்ணெய் குடித்த மண் அப்படித்தான் தண்ணீரைத் தள்ளும்.

2. மேலாக எடுத்தால் போதும்

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு லோரி யார்டு. எண்ணெய் மாற்றும்போது வடிக்கிற பழைய எண்ணெயும் டீசலும் வேலியோரப் பள்ளத்துக்குத்தான் போகும். தோட்டம், யார்டு இரண்டும் ஒரே தவுக்கேயின், அதாவது ஒரே முதலாளியின் நிலம். யார்டு மானேஜர் குமரேசன் அவரிடம் போய், அந்த அம்மா மருந்தடித்தே நிலத்தைக் கெடுத்துவிட்டார், எங்களிடம் கொடுங்கள், லோரி நிறுத்திக்கொள்கிறோம் என்று ஓதிவிட்டார். தவுக்கே லேப் ரிப்போர்ட் கேட்டார். தப்பு அக்கா மேல் என்று வந்தால் அவர் நிலத்தைக் காலி செய்ய வேண்டும். அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

மண் எடுக்க நான் போனபோது யார்டின் வேலியோரம் பச்சைப் பசேலென்று இருந்தது. ஒரு லோரி செம்மண் கொட்டி, மேலே கார்பெட் புல் விரித்திருந்தார்கள். குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளுகிற புத்தி.

“மேலாக்க எடுத்தா போதும் லா மிஸ். புல்லே எப்படி வளருது பாருங்க,” என்றார் குமரேசன்.

“புல்லு நேத்துதானே வந்துச்சு.”

மண்வெட்டியை வாங்கி நானே வெட்டினேன். ஒரு அடிக்குக் கீழே மண் கறுப்பு, டீசல் வாடை. அங்கே சோதனைக்கு ஒரு சேம்பல் எடுத்தேன். அக்காவின் வேலியோரப் பாத்தியில் ஒன்று, தோட்டத்தின் மறுகோடியில் ஒன்று.

சேம்பல் ஃபாரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னதும் குமரேசன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “இது எங்க மண்ணுதான்னு யாரு சாட்சி? ரிப்போர்ட் வரட்டும். எங்க மண்ணே இல்லைன்னு லெட்டர் குடுத்துட்டுப் போறேன்.”

3. வெள்ளை

எண்ணெய் எவ்வளவு என்று மெஷின் சொல்லிவிடும். மண்ணில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. மண்ணில் டிடிசி என்கிற நிறமில்லாத மருந்தை ஊற்றி, ஒருநாள் மிதமான சூட்டில் வைத்து, வடித்துப் பார்ப்போம். நுண்ணுயிர்கள் உயிரோடு இருந்தால் அவற்றின் டீஹைட்ரோஜினேஸ் என்சைம் அதைச் சிவப்பாக்கும். செத்த மண் வெளுத்தே கிடக்கும். கொஞ்சம் எண்ணெய் என்றால் நுண்ணுயிர்களே தின்றுவிடும். தின்கிற சாக்கில் மண்ணிலுள்ள நைட்ரஜனையும் எடுத்துக்கொள்ளும், கீரை மஞ்சளாகும். எண்ணெய் அளவு மீறினால் அவையும் சாகும்.

மறுநாள் நான் மூன்று டியூபில் வடித்து முடிக்கும்போதே குமரேசன் வந்து நின்றார். மறுகோடி மண் நல்ல சிவப்பு. அக்காவின் வேலியோர மண் லேசான ரோஸ். யார்டு மண் வெறும் தண்ணீர்.

“இதுல எது எங்களுது?”

காட்டினேன்.

“அலமாக், பாருங்க மிஸ். எங்க மண்ணு எவ்வளவு சுத்தம். அவங்களுது ரத்தமால்ல இருக்கு.”

வெள்ளை, சிவப்பு இரண்டு டியூபையும் கையில் பிடித்துப் படம் எடுத்தார். வெள்ளை எங்கள் யார்டு மண், சிவப்பு தோட்டத்து மண் என்று எழுதி, தவுக்கேக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான், இருந்தாலும் அந்தத் திருப்தியை விட மனசு வரவில்லை.

அனுப்பி முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன். “சிவப்புன்னா உயிரோட இருக்குன்னு அர்த்தம், மிஸ்டர் குமரேசன். உங்களுது செத்துப்போச்சு.”

அழிக்கப் பார்த்தார். அதற்குள் நீல டிக் விழுந்துவிட்டது.

ஃபாரத்தில் கையெழுத்துப் போடாத மனிதர் தானே சாட்சியாகிவிட்டார். ரிப்போர்ட் தவுக்கேயிடம் போனதும், புல்லைச் சுருட்டி, மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்துகிற வேலை யார்டின் தலையில் விழுந்தது. அக்காவின் குத்தகை தப்பியது. வேலியோர நாலு பாத்தி மட்டும் பல மாதம் தரிசாகவே கிடந்தது.

குமரேசன் கதையைக் கேண்டீனில் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட் போன வாரமே அக்கா மறுகோடியில் விளைந்த கங்கோங் இரண்டு கட்டு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“நல்லா வந்திருக்கே அக்கா. யூரியா போட்டீங்களா?”

“இதுக்கு ஒண்ணும் போடல மிஸ். நீங்க சொன்னீங்கன்னு வேலிப் பக்கம்தான் ரெண்டு மூட்டை கொட்டினேன், ஒண்ணும் மொளைக்கல.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொன்ன முட்டாள்கள் இந்த விஷயத்தில் இரண்டு பேர். அதில் ஒருத்தி லேப் கோட்டு போட்டிருந்தாள்.