மாடித் தொட்டித் தண்ணீர் போன வழி

மண்ணூரில் எங்கள் வீட்டு மாடியில் அப்போது ஐந்து அக்காக்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஐவரும் தெற்கத்திப் பெண்கள்; ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. எனக்கு ஒன்பது வயது. பள்ளி விட்டு வந்தால் மாடியிலேயே கிடப்பேன். அதனால் அப்பா அவர்களைக் காலி செய்யச் சொன்ன அன்று, அவர்களைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

எல்லாம் தண்ணீரால் வந்தது. காலை ஷிப்டுக்குக் கிளம்புமுன் அப்பா மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பிவிட்டுப் போவார். பத்து மணிக்குள் தொட்டி காலியாகிவிடும்.

“அஞ்சு பேரு சேந்து கொட்டிகினே இருந்தா நான் இன்னா பண்றது? மாசக் கடைசில வூட்ட காலி பண்ணிடுங்க” என்றார்.



அந்த வாரச் சனிக்கிழமை, ஐவரில் தென்காசிக்கார அக்காவுக்கு மட்டும் லீவு. ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவள். கம்பெனியில் கிடைத்ததென்னவோ பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. பத்து மணிக்குக் குழாய் காற்றை ஊதவும் இறங்கி வந்து அம்மாவிடம் கேட்டாள்: “மேல நான் ஒருத்திதான் இருக்கேன் மதினி. இன்னும் குளிக்கக்கூட இல்ல. மோட்டார் எங்க இருக்கு?”

அம்மாவுக்குத் தெரியவில்லை. வாசல் சுவிட்சைத் தவிர நாங்கள் எதையும் பார்த்ததில்லை. அக்கா மொட்டைமாடிக்கு ஏறி, தொட்டியின் அடியில் நுழையும் குழாயைக் கண்டுபிடித்தாள். அது இறங்கிய வழியே நாங்களும் இறங்கினோம். பின்சுவர், குளியலறை மூலை, அப்புறம் வீடு கட்டி மீந்த டைல்ஸ் அடுக்கு. டைல்ஸை நகர்த்தினால் ஒரு சிமெண்ட் பலகை. அதன் கீழே குழிக்குள் மோட்டார், பல்லி முட்டைகளோடு.

பக்கத்திலிருந்த சம்ப்பின், அதாவது நிலத்தடித் தொட்டியின், மூடியைத் திறந்தவள் சிரித்துவிட்டாள். தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அம்மாவைக் கொஞ்சநேரம் மோட்டார் போட்டு அணைக்கச் சொன்னாள்.

“ஏட்டி, கொழாயில காத வையி. மோட்டார் நின்னாச்சுல்லா, பொறவு என்ன சத்தம்?” என்றாள் என்னிடம்.

உள்ளே சளசளவென்று தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா தினமும் ஏற்றிய தண்ணீர், ஏறிய வழியே சம்ப்புக்குத் திரும்பியிருக்கிறது!

மெயினை அணைத்துவிட்டு, சம்ப்புக்குள் போன குழாயை மேலே இழுத்தாள். நுனியில் ஒரு வால்வு. தண்ணீரை ஏறவிட்டு, இறங்கவிடாமல் சாத்திக்கொள்ளும் கதவு அது என்றாள். அதைச் சுற்றியிருந்த சல்லடை சேறு அப்பி, ஓரம் பிய்ந்திருந்தது. அந்தப் பிய்ந்த இடம் வழியாக நுழைந்த ஒரு ஜல்லிக்கல், கதவை மூடவிடாமல் சிக்கியிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் நான் சல்லடையைத் தேய்த்தேன். அக்கா கிழிசலைக் கம்பியால் கட்டி, எல்லாவற்றையும் மாட்டி, மோட்டாரின் வாயில் செம்பு செம்பாக நீர் ஊற்றி ஓடவிட்டாள். தொட்டி நிறைந்தது.

நாலு மணிக்கு அப்பா வந்தார். பெயர்ந்து கிடந்த பலகையைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. “யார கேட்டு மோட்டர தொட்டீங்க?”

“மேல போய் தொட்டிய பாருங்க” என்றாள் அம்மா. “மத்தியானம் ரொப்புனது. ஒரு கொழாயும் தொறக்கல. அப்டியே கீது.”

மேலே போனவர் வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கியதும் யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போனார். திரும்பி வந்து, படியில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் ஒரு புது பித்தளை வால்வை நீட்டினார்.

“இத நீயே மாட்டிடு. மாசம் ஒருவாட்டி சல்லடைய கழட்டிக் கழுவணும். வருசம் பூரா உன் பொறுப்புதான்.”

“வருசம் பூராவா அண்ணாச்சி?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பே செய்யாதவளைத் திட்டியது போதாதென்று, லீவு நாளில் வேலை வேறு வைக்கிறாரே! அக்கா வால்வோடு மாடிக்கு ஓடினாள். அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்த மற்ற நால்வரிடமும் ஏதோ சொன்னாள். மேலே ஒரே கூச்சல், தடதடவென்று குதிக்கும் சத்தம். அவர்கள் எல்லாரும் அப்பாவைத் திட்டுகிறார்கள் என்றே நினைத்தேன். நானும் சேர்ந்து திட்டலாமென்று வேகமாகப் படியேறினேன்.