காஜாக்காரிமேல் விழுந்த பழி

தையல்கடையில் அவளைக் காஜாக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் பொத்தான் நுழையும் துளையை வெட்டி, ஓரம் பிரியாமல் நூல் கட்டுவது அவள் வேலை. கணவன் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்த ஊசிதான் வளர்த்தது.

மூத்தவன் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் இருந்தான். நல்ல கைக்காரன். ஒருநாள் பாதி வேலையில் எழுந்து, சுவருக்குப் பின்னால் இரண்டு பேர் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். பின்னால் சாக்கடைதான் இருந்தது. சோற்றில் என்னமோ கலந்திருக்கிறது என்று அவன் தட்டைத் தள்ளிய அன்று, அவள் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் நிறையப் படித்தவர். நோய்க்கு மனச்சிதைவு என்று பெயர் சொன்னார். அன்பு கிடைக்காத மனம் உலகத்தைத் தாங்க மாட்டாமல் கைக்குழந்தைப் பருவத்துக்கே திரும்பி ஓடிவிடுமாம். அங்கே உள்ளே எது, வெளியே எது என்ற பிரிவே இல்லையாம். தன் பயமே அடுத்தவர் குரலாகக் கேட்குமாம். கேட்க அழகாகத்தான் இருந்தது.

"சின்னதுல தூக்கிக் கொஞ்சுவீங்களா?"

"விடிஞ்சா கடைக்கு ஓடணும். எங்கங்க கொஞ்சறது?"

டாக்டர் தலையாட்டினார்.

"சின்னவனையும் இதே கைதாங்க வளத்துச்சு. அவன் நல்லாத்தானே இருக்கான்?"

"அவன்கிட்ட வேற மாதிரி நடந்திருப்பீங்க. உங்களுக்கே தெரியாம."

"மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப மடியை விட்டு எறக்கலீங்களே."

"பாத்தீங்களா, அதுவும்தான். மூச்சுவிட இடம் குடுக்கல."

எந்தப் பதிலாலும் பொய்யாக்க முடியாத விளக்கம் எதையும் விளக்குவதில்லை. அந்த அறையில் அதைச் சொல்ல ஆளில்லை. காஜாக்காரி நம்பிவிட்டாள். மருந்து வேண்டாம், பேசியே வேரைப் பிடுங்கலாம், அதுவரை தாயும் மகனும் பிரிந்திருக்கட்டும் என்றார் டாக்டர். மகனைத் தங்கை வீட்டில் விட்டாள்.

"பெத்தவ வரக்கூடாதுன்னு இது என்னக்கா வைத்தியம்?"

"படிச்சவரு சொல்றாருடி. நான் பக்கத்துல இருந்தா அவனுக்கு ஆகாதாம்."

"ஆமா, நீ பேயி, நான் தேவதை! என் வீட்டுச் செவுத்துக்குப் பின்னாலயும்தான் பேசறாங்களாம்."

அப்போதும் அவள் மகனைப் பார்க்கப் போகவில்லை. ஆண்டுகள் ஓடின. அவன் வாராவாரம் டாக்டரிடம் போய்ப் பேசினான். ஒன்று சொல்ல வேண்டும்: பைத்தியம் என்று தள்ளாமல் உட்கார்ந்து அவன் பேச்சைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம்.

அவர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு வந்த பெண் டாக்டர் மாத்திரை கொடுத்தார். குரல்கள் மெல்ல அடங்கின. காஜாக்காரி அவரிடம் போய், தன் வளர்ப்பால்தான் இது வந்ததா என்று கேட்டாள்.

"அது பழைய கருத்தும்மா. வளர்ப்பால வர்ற நோய் இல்ல இது."

"அப்ப எதனாலங்க?"

"மூளையில ஏற்படற மாற்றம், பிறவி வாகு, இன்னும் பல காரணம் சேரும். முழுசா எங்களுக்கே தெரியாது."

"தெரியாதுங்கறத அவரும் அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க."

அன்றே மகனை அழைத்துவரத் தங்கை வீட்டுக்குப் போனாள். அவன் கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வாடா கண்ணு, நம்ம வீட்டுக்குப் போலாம். இப்பதான் குரல் எதுவும் கேக்கலியே?"

"கேக்கலம்மா. அதான் தெளிவா யோசிக்க முடியுது. என்னை இப்படி ஆக்கினது நீதான். டாக்டர் எல்லாத்தையும் புரிய வச்சிருக்காரு."

"புது டாக்டரு அது தப்புன்னு சொல்றாங்கடா."

"உன் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க."

கோபமே இல்லாமல், தெரிந்த விலாசத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். பிறகு தட்டைக் கழுவ எழுந்துபோனான்.

தங்கை வாசல்வரை வந்தாள். "விடுக்கா, போகப் போக மாறுவான்."

காஜாக்காரி செருப்பை மாட்டினாள். "மாத்திரையை மட்டும் விட்டுடாம குடு," என்றாள்.