சிக்னலில் அணையும் வண்டி

தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. பேச்சு போய்விட்டது. கதிர் சிகிச்சைக்காகத் தினமும் வீடு இருந்த பீன்யாவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எங்கள் பழைய காரில் நான்தான் கூட்டிப்போவேன். பஸ் புழுதி அவருக்கு ஆகாது.

அந்த நேரம் பார்த்து வண்டி படுத்தியது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றால் குலுங்கும், அணைந்துவிடும். ஒரு மெக்கானிக் பிளக் மாற்றினார். இன்னொருவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மறுபடி அதே கதை. தான் பார்ப்பதாக என் கணவர் சைகை காட்டுவார். ஃபேக்டரியில், கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்தவர். பானெட் பக்கமே நான் விடவில்லை.

ஒரு நாள் யஷ்வந்த்பூர் சர்க்கிளில் அணைந்தது. கிளப்பினேன், அணைந்தது. பின்னால் ஒரே ஹாரன்.

"சைடிகெ ஹாகி மேடம், சைடிகெ!" என்று கன்னடத்தில் கத்திய போலீஸ்காரரே ஓரமாகத் தள்ளிவிட்டார்.

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். "நான் என்னதாங்க பண்றது? லேட்டானா மெஷின்ல வேற ஆள ஏத்திடுவாங்க."

கதவு திறந்தது. இவர் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார்.

"ஐயோ, வேணாங்க! புகை உள்ள போயிடும்!"

கேட்கவில்லை. கிளப்பு என்று கை காட்டினார். வண்டி கிளம்பியதும், அணையாமலிருக்க ஆக்சிலேட்டர் கம்பியைக் கையாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் ஓடிப்போய் முந்தானையை அவர் கழுத்துத் துளைக்கு முன்னால் விரித்துப் பிடித்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் துணி உள்ளே ஒட்டி வெளியே உப்பியது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். எஞ்சினோடு சேரும் ஒரு சின்ன ரப்பர் குழாயின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, கம்பியை விட்டார். வண்டி அணையவில்லை. விரலை எடுத்தார், குலுங்கியது. வெடித்திருந்த முனை வழியாக எஞ்சின் வேண்டாத காற்றை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

எஞ்சினை நிறுத்தச் சைகை காட்டினார். என் பையிலிருந்த, கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலால் அந்த முனையை நறுக்கி, மிச்சக் குழாயை இழுத்துச் செருகினார். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. குரலில்லாத இருமல். துளையைச் சுற்றியிருந்த கட்டுத்துணியில் ரத்தம் தெரிந்தது.

வழியில் எந்த சிக்னலிலும் வண்டி அணையவில்லை. எனக்கு அது உறைக்கவேயில்லை. அவர் கழுத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் அவர் முறை போய்விட்டிருந்தது. நர்ஸ் துளையைச் சுத்தம் செய்துவிட்டு, "இருமின வேகத்துல லேசா கீறிருக்கு, பயப்படாதீங்கம்மா. கடைசில கூப்பிடறேன்" என்றாள்.

சில வாரங்களில் கதிர் சிகிச்சை முழுதும் முடிந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் நோய் திரும்பி வந்தது. அப்போதும் அதே காரில்தான் போனோம்.