படித்துறைக் கெண்டைகள்

எங்கள் ஊர் அம்மன் கோயில் படித்துறையில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது. தூண்டிலோடு அந்தப் பக்கம் போகிறவனைக் கோயில் பொறுப்பில் இருக்கும் என் அண்ணன் லேசில் விடமாட்டார். நேர்ந்துகொண்டவர்கள் பொரியும் சோறும் கொண்டுவந்து ஆற்று மீனுக்குப் போடுவார்கள். அதற்கு மீனூட்டு என்று பெயர். அண்ணன் காலையில் படியில் உட்கார்ந்து தண்ணீருக்குள் கையை வைத்தால், முழங்கை நீளக் கெண்டைகள் வந்து விரலிடுக்கில் இருந்தே சோற்றை எடுக்கும். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

படித்துறைக்குக் கொஞ்சம் கீழே தடுப்பணை கட்டினார்கள். கிணறுகளில் தண்ணீர் ஏறியது, வாழைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நானும் சந்தோஷப்பட்டவள்தான். பாறையில் அடித்து ஓடிய ஆறு குளம்போலத் தேங்கி நின்றது. முதல் மழைக்காலத்திலேயே தேங்கிய தண்ணீர் கரை ஏறி, ரப்பர் தோட்டத்துக் குழிகளை மூழ்கடித்தது. அந்தக் குழிகளில் எவனோ ஒரு புண்ணியவான் கோழிக்கழிவு போட்டு ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்த்துக்கொண்டிருந்தான். அதை வளர்க்கத் தடை என்பது ஊருக்கே தெரியும். தண்ணீர் வடிந்தபோது குழிகள் காலி.

கெண்டைக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும். கெளுத்திக்குச் சேறு போதும். வெளிக்காற்றை இழுத்தும் பிழைத்துக்கொள்ளும். மறு வருஷம் மீனூட்டுக்கு மீசை வைத்த வாய்கள்தான் அதிகம் மேலே வந்தன. கெண்டைக் குஞ்சுகளை அவை விழுங்குவதைக் கண்ணால் பார்த்தோம். வலை போட்டு அந்தச் சனியன்களை அள்ளிவிடலாம் என்று சொன்னேன். அண்ணன் அரண்டுபோனார்.

"படித்துறை மீனைக் கொல்லவா? வேண்டாம்ட்டி."

கொல்லாமல் காப்பாற்ற அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மேலே, அருவிப் பாறையைத் தாண்டி, ஆறு இன்னும் ஓடுகிற இடத்தில் ஒரு கயம், ஆழமான மடு, இருக்கிறது. மீதிக் கெண்டைகளைக் குடத்தில் சுமந்துபோய் அங்கே விடுவது. கீழே இருந்து எந்த மீனும் அந்தப் பாறையை ஏற முடியாது. பூசை வைத்து, துணியால் கோரிக் கோரிக் குடங்களை நிரப்பினார்கள். கெண்டைக் குஞ்சுகளுக்கு நடுவே மீசை முளைத்த குஞ்சுகளும் நெளிந்தன. அதுகளைப் பொறுக்கி எறியுங்கள் என்று கத்தினேன்.

"அம்மைக்க மீன்ல தரம் பிரிக்க நாம ஆருட்டி?" என்றார் அண்ணன். "எல்லாம் சேந்தே போட்டும்."

குடங்கள் ஊர்வலமாகப் போயின. அணை முடிக்காமல் விட்ட வேலையை நாங்கள் குரவை போட்டு முடித்து வைத்தோம்.

இப்போது அண்ணனுக்கு முட்டுவலி, பாறை ஏற முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் பொரிப்பொட்டலத்தைக் கொடுத்து என்னை அனுப்புகிறார். இந்த மழைக்குப் பிறகு போய்ப் பொரி போட்டபோது கயம் கலங்கிப் புரண்டது. வந்ததெல்லாம் கெளுத்தி. பொட்டலம் தீரும்வரை நின்று பார்த்தேன், வேறு ஒன்றும் வரவில்லை. இந்த ஆற்றில் கெண்டைக்கு இனி இடம் இல்லை என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

அண்ணன் வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்.

"கெண்டை உண்டுமா?"

உண்டு என்று சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தேன். வாய் வரவில்லை. "இல்லண்ணே. எல்லாம் கெளுத்தி."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

வெகுநேரம் அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதுகளாவது தின்னிச்சா?" என்று கேட்டார்.